லவுசான் உச்ச நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது

சட்டம் படிக்கும் மகள் சுவிஸ் உச்ச நீதிமன்றத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்று பேர்ணிலிருந்து லவுசானுக்கு ரயிலேறினோம். லவுசானில் எங்கே போனாலும் ஏற்றம்தான். மெட்ரோ இருந்தும் நடந்தே போனோம். மோன் ரெப்போ பூங்காவை ஒட்டி, 1927இல் இருந்து நீதிமன்றம் இயங்கிவரும் கட்டடம். முகப்பில் சட்டம், நீதி, அமைதி என்று லத்தீனில் மூன்றே சொற்கள். கட்டணம் கிடையாது. பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள்.

சாட்சி, குறுக்கு விசாரணை எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான வழக்குகள் நீதிபதிகளுக்குள் ஃபைல் கைமாறியே முடிந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் ஒத்துப்போகாதபோதுதான் மக்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். அதைப் பார்க்கத்தான் போனோம்.

அன்று ஐந்து பேர். ஒருவர் வழக்கை விளக்கி, தன் முடிவை ஜெர்மனில் சொன்னார். அடுத்தவர் பிரெஞ்சில் மறுத்தார். மொழிபெயர்ப்பு இல்லை, அவரவர் மொழியிலேயே போனது. ஓரத்தில் இருந்த பெண் நீதிபதி, மற்றவர் பேசப் பேசத் தன் தாளில் எழுதியிருந்த ஒரு வரியைப் பென்சிலால் அடித்தார். பிறகு பேசும்போது அந்த வாதத்தை விட்டுவிட்டார். கடைசியில் கை தூக்கினார்கள். மூன்றுக்கு இரண்டு.

"யார் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே, அப்பா" என்றாள் மகள். அப்போதுதான் அவளுக்கு இவ் டொன்சலா என்ற நீதிபதியைப் பற்றிச் சொன்னேன். சுவிஸில் உச்ச நீதிமன்ற நீதிபதியைப் பாராளுமன்றம் ஆறு வருடத்துக்குத் தெரிவு செய்கிறது. இடங்களைக் கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும். நீதிபதிகள் கட்சிக்குப் பணம் கட்டுவதும் வழக்கம். வலே மாநிலத்துக்காரரான டொன்சலா, வலதுசாரியான சுவிஸ் மக்கள் கட்சியின் சார்பில் 2008இல் தெரிவானவர். யூபிஎஸ் வங்கியின் வாடிக்கையாளர் விவரங்களைப் பிரான்சுக்குக் கொடுக்கலாம் என்ற 2019 தீர்ப்பும் இப்படித்தான், மக்கள் முன்னிலையில், மூன்றுக்கு இரண்டு. அந்த மூவரில் அவரும் ஒருவர். தங்கள் கொள்கைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார் என்று கட்சிக்குக் கோபம். 2020இல் அவரை மறுபடி தெரிவு செய்யக் கூடாது என்று அவருடைய கட்சியே நின்றது. மற்றக் கட்சிகள் வாக்களித்து அவர் மீண்டும் வந்தார். 2023, 2024இல் நீதிமன்றத் தலைவராகவும் இருந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருந்தால் அவருக்கு அந்தச் சிக்கலே வந்திருக்காது. ஆனாலும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. கை தூக்கும் அந்த நொடியை நேரில் பார்த்ததிலிருந்து இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.

போக நினைப்பவர்கள் நீதிமன்ற இணையதளத்தில் அமர்வுத் தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள், தினமும் நடப்பதில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகக் காப்புறுதி வழக்குகள் இங்கே இல்லை, அவை லுட்சேர்னில். ஜெர்மனும் பிரெஞ்சும் ஓரளவாவது தெரிந்திருந்தால் நல்லது. எனக்குப் பிரெஞ்சு பாதிதான் புரிந்தது; மீதியை மகள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அடுத்த மாதமும் போகிறோம்.