உயரச் சக்கரமா, மூன்று சக்கரமா, ரோவரா? 1886-ல் சைக்கிள் வாங்கப் போனவரின் பாடு

இன்று சைக்கிள் கடைக்குப் போனால் கம்பெனி மாறும், கலர் மாறும், விலை மாறும். வண்டியின் உருவம் மட்டும் மாறாது. 1886-ல் இங்கிலாந்தில் அந்த உருவமே இன்னும் முடிவாகவில்லை. ஆள் உயரத்துக்கு முன்சக்கரமும், தட்டு மாதிரி ஒரு குட்டிப் பின்சக்கரமும் வைத்த வண்டி ஒன்று. மூன்று சக்கர வண்டி ஒன்று. அப்புறம், ஜான் கெம்ப் ஸ்டார்லி முந்தின வருஷம்தான் சந்தைக்குக் கொண்டுவந்திருந்த 'ரோவர்': ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின்.

ரோவர்தான் ஜெயித்தது என்று நமக்குத் தெரியும். தெரிந்துவிட்டதாலேயே மற்ற இரண்டையும் சர்க்கஸ் சாமான்களாகப் பார்க்கிறோம். ஆனால் 1886-ல் ரோவரை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டில் ஒன்றை வாங்கியவர் ஏமாளி இல்லை என்பது என் கட்சி.

முதலில் அந்த உயரமான வண்டி. அவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு என்பதுதான் எல்லாருக்கும் வரும் சந்தேகம். 1860-களில் பாரிஸில் மிஷோ பட்டறை செய்த வண்டிகளிலிருந்தே பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில்தான் இருந்தது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. அப்படியானால் வேகமாகப் போக ஒரே வழி, சக்கரத்தைப் பெரிதாக்குவது. 54 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர் தள்ளும். அவ்வளவு பெரிய சக்கரத்தை மரத்தில் செய்தால் கனம் தாங்காது. தையல் மெஷின் தொழிலிலிருந்து வந்த கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டி லேசான சக்கரம் செய்யும் வித்தையைக் கையில் எடுத்தார். 1871-ல் அவருடைய 'ஏரியல்' விற்பனைக்கு வந்தது. ரோவர் செய்த ஜான் கெம்ப் இவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளைதான்.

சக்கரம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஓட்டுகிறவரின் கால்தான் தீர்மானித்தது. காலை அளந்துதான் வண்டி. நெட்டையாகப் பிறந்தவனுக்கு வேகமான வண்டி, குட்டையானவனுக்கு மெதுவான வண்டி. இப்படி ஒரு அநியாயம் வேறெந்த வாகனத்திலும் இருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஏறுவது தனிக் கலை. பின்சக்கரத்துக்கு மேலே முதுகெலும்புக் குழாயில் கால் வைக்க ஒரு சின்னப் படி இருக்கும். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, இடது காலைப் படியில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி வண்டியை நகர்த்த வேண்டும். வண்டி ஓட ஆரம்பித்ததும் படியில் எழுந்து நின்று, முன்னால் சாய்ந்து சீட்டில் வழுக்கி உட்கார்ந்து, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பெடல்களைக் காலால் தேடிப் பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பா சைக்கிளில் பழகிய குரங்குப் பெடலுக்கு இங்கே வழியே கிடையாது. உட்கார்ந்த இடமோ கிட்டத்தட்ட முன் அச்சுக்கு நேர் மேலே. சக்கரம் ஒரு கல்லில் தட்டி நின்றால் மொத்த வண்டியும் அந்த அச்சைச் சுற்றிக் கவிழும். கால்கள் ஹேண்டில்பாருக்கு அடியில் மாட்டிக்கொள்ள, தலை முதலில் தரைக்கு வரும். அதனால் இறக்கத்தில் விவரமானவர்கள் இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். விழுந்தாலும் கால் முதலில் விழட்டுமே!

இதை மட்டும் கேட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் அன்றைய ரோட்டையும் நினைக்க வேண்டும். தார் கிடையாது, குண்டும் குழியும், குதிரைக் குளம்பு பட்டுக் கிளம்பிய கல்லும்தான். டயர் வெறும் கெட்டி ரப்பர். பெரிய சக்கரம் குழியில் முழுசாக இறங்காமல் மேலே உருண்டுவிடும். உட்கார்ந்தவர் சேற்றுக்கும் புழுதிக்கும் எட்டாத உயரத்தில். அறுந்துபோகச் செயினும் இல்லை. கேம்பிரிட்ஜில் அரபு மொழிப் பேராசிரியராகப் பின்னாளில் அமர்ந்த அயன் கீத்-ஃபால்கனர் என்ற நெட்டை மனிதர், 1882-ல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனை லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடி ஜான் ஓ'குரோட்ஸ் வரை, 994 மைலை 13 நாளுக்குள் முடித்தார். (நம் பஞ்சதந்திரக் கதைகள் அரபு தேசம் போய் எடுத்த 'கலீலா, திம்னா' வடிவத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான்.) தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, 50 அங்குலச் சக்கரத்தோடு லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் மிதித்து, 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் உலகப் பயணத்தை முடித்தார். சர்க்கஸ் சாமானில் இது நடக்காது.

சரி, மூன்று சக்கரம்? இன்று அதைக் குழந்தைகளுக்கும் சரக்குக்கும் ஒதுக்கிவிட்டோம். அன்று அது பெரிய மனிதர்களின் வண்டி. டாக்டர், பாதிரியார், வயதானவர், நீளப் பாவாடையோடு உயரச் சக்கரத்தில் ஏற முடியாத பெண்கள் எல்லாருக்கும் இதுதான். 1881-ல் விக்டோரியா மகாராணியே ஜேம்ஸ் ஸ்டார்லியின் 'சால்வோ' வண்டி இரண்டுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு கௌரவத்துக்குக் கேட்கவா வேண்டும்! 1884-ல் கோவென்ட்ரியில் மட்டும் 120-க்கும் மேற்பட்ட மாடல்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டபுள்ஸ் போகும் வண்டிகூட இருந்தது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால் ஸ்டார்லி அதில் ஒரு பல்சக்கர அமைப்பைப் பொருத்தினார். காரின் பின் அச்சில் டிஃபரன்ஷியல் செய்யும் அதே வேலை.

குறைகள்? கனம், விலை, வைக்க இடம். இன்னொன்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு சக்கர வண்டி ஒரே தடத்தில் ஓடுவதால் கல்லைச் சுற்றிக்கொண்டு போகலாம். மூன்று சக்கரத்துக்குப் பல தடம். ஒன்றைத் தப்பித்தால் மற்றது போய் ஏறும்.

இந்த இரண்டில் எது வேகம்? வாய்ச்சண்டை தேவையில்லாமல் 1886-ல் ஜி. பி. மில்ஸ் என்ற 19 வயதுப் பையன் பதில் சொல்லிவிட்டான். அதே லேண்ட்ஸ் எண்ட் - ஜான் ஓ'குரோட்ஸ் பாதை. உயரச் சக்கரத்தில் 5 நாள் 1 மணி 45 நிமிடம். அதே வருஷம் மூன்று சக்கரத்தில் 5 நாள் 10 மணி. ஒரே ஆள், ஒரே பாதை, வித்தியாசம் எட்டு மணி நேரம்தான்! கவிழும் பயமே இல்லாத வண்டிக்கு இது கொடுக்கக்கூடிய விலைதான். உயரச் சக்கரத்தில் அவன் வைத்த சாதனையை அதே ரக வண்டியில் முறியடிக்க 2019 வரை ஆளில்லை.

ரோவரும் வேகத்தில் சளைத்ததில்லை. 1885 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்மித் அதில் 100 மைலை 7 மணி 5 நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார். செயின் இருந்ததால் பல்சக்கர அளவை மாற்றியே வேகத்தைக் கூட்டலாம். நெட்டை, குட்டை பேதம் போயிற்று. விழுந்தாலும் கால் ஊன்றிவிடலாம். ஆனால் கெட்டி ரப்பர் டயரோடு சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும்; அந்த அதிர்ச்சி கையிலும் முதுகிலும் வந்து நிற்கும். சேறு கால்வரை அடிக்கும், செயினில் மண் ஏறும். சைக்கிள் கிளப் பையன்களுக்கு அது பயந்தாங்கொள்ளி வண்டி வேறு. பயமும் வேண்டாம், அதிர்ச்சியும் வேண்டாம் என்பவர் 1886-ல் மூன்று சக்கரம் வாங்குவதே புத்திசாலித்தனம். 25 வயதும் நீளக் காலும் இருந்தால் உயரச் சக்கரம். ரோவருக்கு ஆசைப்பட்டவரிடம் நான் மூன்று வருஷம் பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

அந்த மூன்று வருஷத்தில் வந்தது காற்று டயர். பெல்ஃபாஸ்டில் கால்நடை டாக்டராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட ரப்பர் குழாயில் காற்றடைத்துப் பார்த்தார். 1888-ல் காப்புரிமை வாங்கினார். (ராபர்ட் தாம்சன் 1845-லேயே இதற்குக் காப்புரிமை எடுத்திருந்தது தெரியவந்து டன்லப்புடையது செல்லாமல் போனது வேறு கதை.) 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வில்லியம் ஹியூம் உப்பலான டயரோடு வந்து நின்றபோது கூட்டம் சிரித்தது. அன்று அவர் ஓடிய பந்தயங்களில் எல்லாம் அவரே முதல். தோற்றவர்களில் டூ குரோ சகோதரர்களும் உண்டு. அவர்களுடைய அப்பா அந்த வருஷமே டப்ளினில் டயர் கம்பெனி தொடங்குவதில் முன்னால் நின்றார்.

உயரச் சக்கரத்துக்கு மிஞ்சியிருந்த பெரிய நியாயம் குழியைத் தாண்டி உருள்வதுதான். அந்த வேலையைக் காற்று செய்துவிட்டதும் அவ்வளவு உயரத்தில் ஏறி உட்காரக் காரணமே இல்லை. மூன்று சக்கரத்திடமிருந்து பெண்களைப் பிரித்தது பாவாடைக்கு இடம் விட்டுக் குறுக்குக் குழாயைத் தாழ்த்திய ரோவர் ரக வண்டி. 1891-ல் மில்ஸ் அந்த ரகத்துக்கே மாறி, காற்று டயரோடு அதே பாதையை 4 நாள் 11 மணியில் முடித்தார். முதல் போர்தோ - பாரிஸ் பந்தயத்திலும் அந்த வருஷம் அவரே முதல். பிற்பாடு வண்டி வடிவமைக்க ராலே கம்பெனியில் சேர்ந்தார். ஆமாம், நம் தாத்தாக்கள் யாருக்கும் இரவல் தராத அதே ராலே.