டெலிவரியில் "செட் பண்ணித் தந்த" ஹிட்ச்: கையெழுத்துப் போடும் முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

பிக்கப்பில் கோத்து இழுக்கும் புது டிராவல் டிரெய்லர் வாங்கினால், மூக்கு எடையைப் பிக்கப்பின் முன் சக்கரங்களுக்கும் பங்கிடும் இணைப்பான வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சையும் தாங்களே மாட்டி, அட்ஜஸ்ட் செய்து தருவதாக டீலர்கள் சொல்வதுண்டு. பில்லில் அதற்கென்று ஒரு வரியும் இருக்கும். மாட்டுவது அரை மணி நேர வேலை. அட்ஜஸ்ட் செய்ய டேப், டார்க் ரெஞ்ச், சமதளம், கொஞ்சம் பொறுமை எல்லாம் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது முதல் வேலை மட்டும்தான், அதிலும் ஓட்டை. ஆனால் இரண்டுக்கும் காசு வாங்கிவிட்டார்கள். டீலரின் பெயரை இங்கே எழுதவில்லை. வண்டியில் என்னென்ன தவறாக இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கண்ணில் பட்டது ஸ்பிரிங் பார்கள், அதாவது ஹிட்ச் தலையிலிருந்து டிரெய்லர் ஃபிரேமின் இரு பக்கமும் நீளும் எஃகுத் தண்டுகள். டிரெய்லரைக் கோத்த பிறகு டங் ஜாக்கை (டிரெய்லர் மூக்கைத் தூக்கி இறக்கும் ஜாக்) தொடாமலே, பாரின் செயினை ஒரு கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டி, பிராக்கெட்டையும் மேலே மடக்கிவிட முடிந்தது. பாரில் வளைவே இல்லை. இந்த ஒன்று போதும், வேறு அளவே தேவையில்லை. பார்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் அவற்றில் நூற்றுக்கணக்கான பவுண்டு இழுவிசை இருக்க வேண்டும். அதனால்தான் கோத்த பிறகு ஜாக்கால் டிரெய்லர் மூக்கையும் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்தி, அந்த நிலையில் பார்களை மாட்டிவிட்டு ஜாக்கை இறக்குகிறோம். கைபலத்திலேயே மாட்டிக்கொள்கிற பார் வெறும் அலங்காரம்.

"வண்டியின் பின்பக்கம் கீழே இறங்கவே இல்லையே, பாருங்கள்" என்பது டீலர் சொன்ன பதில். புது பிக்கப்பின் பின் ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால், ஹிட்ச் சரியில்லாமல் இருந்தாலும் பின்பக்கம் பெரிதாக இறங்காது. பார்க்க வேண்டியது முன்பக்கத்தை. டிரெய்லரின் மூக்கு எடை பின் ஆக்சிலுக்கும் பின்னால் போய் அழுத்துவதால், பின் ஆக்சிலை அச்சாக வைத்து முன் சக்கரங்கள் லேசாகின்றன. ஸ்டீயரிங் பிடிப்பு குறைகிறது, பிரேக்கில் முன் டயர் செய்ய வேண்டிய பங்கு குறைகிறது, இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. இழந்த அந்த முன் எடையைத் திரும்பக் கொண்டுவரத்தான் இந்த ஹிட்சே இருக்கிறது.

அதை அளக்கும் முறை எளிது. சமதளத்தில், பயணத்துக்கான சாமான், எரிபொருள், ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில், டிரெய்லர் இல்லாமல் முன் சக்கர வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து சக்கர மையத்துக்கு நேராக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து டிரெய்லரைக் கோத்து, பார் மாட்டாமல், ஜாக்கின் கால் தரையைத் தொடாதபடி முழுக்க மேலே ஏற்றிவிட்டு அதே இடத்தில் அளக்கவும். மூன்றாவது அளவு பார் மாட்டிய பிறகு. எங்கள் எண்கள்: தனியாக 38 1/2 அங்குலம், பார் இல்லாமல் 39 1/2, டீலர் மாட்டித் தந்த பாருடன் 39 7/16. ஓர் அங்குலம் ஏறியதில் பதினாறில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கிறது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை வண்டியின் ஓனர்ஸ் மேனுவல் சொல்லும். எங்கள் பிக்கப்புக்குப் பாதி. அதாவது 39 அங்குலத்துக்கு வர வேண்டும். முன்பக்கத்தை முதல் அளவுக்கும் கீழே இழுத்துவிடுவது இன்னொரு தவறு. பின் சக்கரங்கள் அளவுக்கு மீறி லேசாகி, வளைவில் வால் வீச வாய்ப்பாகும். சில வண்டிகளின் மேனுவல் இந்த வகை ஹிட்சே கூடாது என்கிறது, அதையும் முன்னதாகவே பார்த்துவிடவும். ஏர் சஸ்பென்ஷன், ஆட்டோ லெவலிங் உள்ள வண்டியில் அளக்கும்போது அதை எந்த நிலையில் வைப்பது என்பதும் மேனுவலில் இருக்கும். அதைக் கவனிக்காமல் எடுத்த அளவுகள் அத்தனையும் பொய்.

டேப்பில் சந்தேகம் என்றால் எடைமேடை இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைகளின் டிரக் ஸ்டாப்களில் உள்ள CAT ஸ்கேல் எடைமேடை முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். பிக்கப் மட்டும் நின்றபோது முன் 3,280 பவுண்டு, பின் 2,640. டிரெய்லருடன், பார் இல்லாமல்: முன் 2,940, பின் 3,760, டிரெய்லர் ஆக்சில்கள் 5,420. டீலர் மாட்டிய பாருடன்: 2,960, 3,720, 5,440. முன் ஆக்சில் இழந்தது 340, திரும்பி வந்தது 20. இந்த மூன்று சீட்டை வைத்துக்கொண்டு பேசினால் "கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது" என்ற பேச்சு எடுபடாது.

அதே சீட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பார் இல்லாமல் பிக்கப்பின் மொத்தம் 6,700, தனியாக 5,920. வித்தியாசம் 780 பவுண்டு, அதுதான் உண்மையான டங் வெயிட், அதாவது மூக்கு எடை. டிரெய்லரின் மொத்த எடை 6,200. அதில் 780 என்பது 12.6 சதவீதம். 10 முதல் 15-க்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கில் இது நல்ல இடம். ஆனால் டீலர் போட்டிருந்தது 600 பவுண்டு பார்கள். காரணம் கேட்டால் பிரோஷரைக் காட்டுகிறார்கள், அதில் ஹிட்ச் வெயிட் 580 என்று இருக்கிறது. அது காலி டிரெய்லரின் மூக்கு எடை. நிரம்பிய 30 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் ஒன்று சுமார் 55 பவுண்டு வரும், இரண்டுக்கு 110. பேட்டரி ஒவ்வொன்றும் 50 பவுண்டை ஒட்டி. இரண்டும் உட்காருவது டிரெய்லரின் மூக்கிலேயே. முன் பெட்டியில் சாமானைத் திணித்தாலும், தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருந்தாலும் இன்னும் ஏறும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. பிக்கப் பெட்டியில் பின் ஆக்சிலுக்குப் பின்னால் வைக்கிற சாமானையும் சேர்த்துத்தான் பாரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன பெரும்பாலான ஹிட்ச் மேனுவல்கள். இந்த ஜோடிக்கு 800 பவுண்டு பார் விளிம்பு, 1,000 சரி. 600 பாரை எவ்வளவு இறுக்கினாலும் அது வளையுமே தவிர தேவையான அளவு எடையை முன்னால் தள்ளாது. அதற்காகப் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று தேவைக்கு மிகப் பெரிய பாரைப் போட்டால் ஓட்டம் முரடாகி, ஒவ்வொரு குழியும் டிரெய்லரின் ஃபிரேமில் அடிக்கும்.

அடுத்தது ஹிட்ச் தலையின் சாய்வு. பந்து இருக்கும் தலைக்கும் ஷாங்குக்கும் (பிக்கப்பின் பின்னால் உள்ள ரிசீவர் துளைக்குள் போகும் தண்டு) நடுவே ஒரு பின்னில் கோக்கும் வாஷர்களின் எண்ணிக்கைதான் இதைத் தீர்மானிக்கிறது. வாஷர் கூடக்கூடத் தலை பின்னோக்கிச் சாயும், பார்களின் வால்நுனி தாழும். தாழ்ந்த நுனியை மேலே இழுத்து மாட்டும்போதுதான் இழுவிசை பிறக்கிறது. எங்களுடையதில் இரண்டே வாஷர். மீதி அத்தனையும் பிரிக்காத பையில், மேனுவலோடு சேர்த்து டிரெய்லரின் ஸ்டோரேஜ் அறைக்குள் கிடந்தன. மேனுவலையே யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இழுவிசை போதவில்லை என்றால் செயினில் இன்னும் ஒரு கண்ணியைக் குறைத்து இழுப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் பாருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே செயின் குட்டையாகிவிட்டால் திருப்பத்தில் பார் ஆடுவதற்கு இடம் இருக்காது, செயினோ பிராக்கெட்டோ பிய்ந்துபோகும். குறைந்தது ஐந்து கண்ணியாவது நடுவே இருக்க வேண்டும் என்பது செயின் வகை ஹிட்சுகளில் பரவலான விதி. அதற்குள் அடங்கவில்லை என்றால் வாஷரைச் சேர்க்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் பார்கள் டிரெய்லர் ஃபிரேமுக்கு ஏறக்குறைய இணையாக நிற்கும்.

ஹிட்ச் பந்தின் உயரமும் தவறு. டிரெய்லர் மூக்கு வானத்தைப் பார்த்தது. ஃபிரேமின் முன்னும் பின்னும் தரையிலிருந்து அளந்தால் முன்பக்கம் இரண்டு அங்குலம் கூடுதல். மூக்கு தூக்கி நின்றால் இரட்டை ஆக்சிலில் பின் ஆக்சில் கூடுதலாகச் சுமக்கும், டங் வெயிட் குறையும், ஸ்வே (டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவது) அதிகமாகும். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் மூக்கு ஒரு மயிரிழை தாழ்ந்து நிற்கலாம். முறை இதுதான்: டிரெய்லரைத் தனியாக மட்டமாக்கி, கப்ளரின் (பந்தைக் கவ்வும் டிரெய்லர் மூக்குப் பகுதி) உயரத்தை அளந்து, பின் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குமோ அந்த அளவுக்குப் பந்தைச் சற்று உயர்த்தி ஷாங்கில் தலையைப் பொருத்துவது. அமுங்கல் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். இங்கே தலையை இரண்டு துளை கீழே இறக்க வேண்டியிருந்தது. உயரத்தை மாற்றினால் பார் இழுவிசையும் மாறிவிடும் என்பதால், உயரம் முதலில், வாஷர் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

எல்லாவற்றையும் விட வயிற்றைக் கலக்கியது பந்தின் நட். சாதாரண ரெஞ்சில், பெரிதாகத் தம் பிடிக்காமலே அரைச் சுற்று சுற்றியது. அடியில் இருந்த லாக் வாஷரின் வாய் இன்னும் பிளந்தே இருந்தது. 1 1/4 அங்குலத் தண்டுள்ள பந்துக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கும் டார்க் 400 அடி-பவுண்டுக்கும் மேல். கையளவு ரெஞ்சால் அது வராது, முக்கால் அங்குல டிரைவ் டார்க் ரெஞ்சும் நீளமான கைப்பிடியும் வேண்டும். தலை போல்ட்டுகளுக்கும் தனி எண் மேனுவலில் உண்டு. இறுக்கிய பிறகு நட்டிலிருந்து தலைக்குக் குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே போதும். அப்படியே பந்தின் அளவையும் பாருங்கள், மேலேயே பொறித்திருக்கும். கப்ளர் 2 5/16 அங்குலம் கேட்க, 2 அங்குலப் பந்து இருந்தால் கப்ளர் மூடியதுபோலத்தான் தெரியும். குழியில் ஏறும்போது கழன்றுவிடும். இந்த ஒன்றாவது சரியாக இருந்தது.

பிரேக்அவே கேபிளை (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் போட வைக்கும் கம்பி) சேஃப்டி செயினின் கொக்கியிலேயே மாட்டியிருந்தார்கள். செயின் போனால் கேபிளும் கூடவே போகும். அதைப் பிக்கப்பின் ரிசீவரில் தனி இடத்தில் மாட்ட வேண்டும். செயின்கள் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும், கழன்று விழும் மூக்கைத் தாங்கிப் பிடிக்க.

விற்பனையில் சொன்ன இரண்டு பொய்களையும் குறித்து வைக்கிறேன். "இந்த ஹிட்ச் போட்டால் கூடுதலாக இழுக்கலாம்." ரிசீவரின் லேபிளில் எடை சுமக்கும் நிலைக்கு ஓர் எண்ணும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷனுடன் வேறு எண்ணும் இருக்கலாம். அது ரிசீவரின் தாங்குதிறன் மட்டுமே. பிக்கப்பின் பேலோடு (ஏற்றக்கூடிய சுமை), ஆக்சில் வரம்பு எதுவும் ஓர் அவுன்ஸ் கூடாது. டிரைவர் கதவு ஓரத்தில் உள்ள மஞ்சள் லேபிளில் எழுதிய எடைக்குள் ஆட்கள், சாமான், டங் வெயிட் எல்லாம் அடங்க வேண்டும். ஹிட்சின் சொந்த எடையே 75 முதல் 100 பவுண்டு வரை வரும், அதுவும் அந்தக் கணக்கில்தான். இரண்டாவது, "ஸ்வே கன்ட்ரோல் இருக்கிறது, சாமானை எங்கே வைத்தாலும் பரவாயில்லை." மூக்கு எடை 10 சதவீதத்துக்குக் கீழே போன டிரெய்லரை எந்த உராய்வுப் பட்டையும் அடக்காது. பின் பம்பரில் சைக்கிள் ரேக் மாட்டும்போது இதை நினைவில் வைக்கவும்.

டெலிவரி நாளில் கையெழுத்துக்கு ஒரு செக்லிஸ்ட் நீட்டுவார்கள், அதில் "ஹிட்ச் அட்ஜஸ்ட் செய்து காட்டப்பட்டது" என்று ஒரு கட்டம் ஏற்கனவே டிக் ஆகியிருக்கும். மூன்று ஃபெண்டர் (முன் சக்கர வளைவு) அளவுகள், பாரின் ரேட்டிங், வாஷர் எண்ணிக்கை, பந்து நட்டின் டார்க் நான்கையும் அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலி டிரெய்லரில் செய்த செட்டிங், சாமான் ஏற்றியதும் மாறத்தான் செய்யும். ஆனால் சாமான் ஏற்றிய பிறகு ஒருமுறை மறுபடி அட்ஜஸ்ட் செய்து தருவதையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், பணம் கைமாறும் முன்.

எங்கள் விஷயத்தில் எடைமேடைச் சீட்டுகளைக் காட்டிய பிறகு 1,000 பவுண்டு பார்களை மாற்றித் தந்தார்கள். தலையை இறக்கி, வாஷர் கூட்டி, மறுபடி எடை போட்டபோது முன் 3,120, பின் 3,480, டிரெய்லர் 5,520. இழந்த 340-இல் 180 திரும்பிவிட்டது. பார்களுக்குக் காசு வாங்கவில்லை. தலையை இறக்கி வாஷர் கூட்டிய வேலைக்குத் தனியாகக் கூலி கேட்டார்கள், பழைய பில்லில் இருந்த "ஹிட்ச் அட்ஜஸ்ட்மென்ட்" வரியைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் அதை எடுத்தார்கள்.