முகாமா, வீட்டுவாசலா?

2021 செப்டம்பர் 12 முதல் தமிழ்நாட்டில் நடந்த மாபெரும் கொரோனா தடுப்பூசி முகாம்கள் ஒரே நாளில் பல லட்சம் பேரை எட்டின. ஊசி போட்டவர்களின் மொத்த விழுக்காட்டை விரைந்து உயர்த்த முகாமே சிறந்த வழி. ஆனால் தொற்று மாவட்டச் சராசரியைப் பார்த்துப் பரவுவதில்லை. ஊசி போடாதவர்கள் ஒரே தெருவில் கூடியிருந்தால், சுற்றுவட்டாரம் முழுவதும் போட்டிருந்தாலும் அத்தெருவில் அது வீடு வீடாகத் தாவும். குடியாத்தத்தில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் பாட்டிக்கு முகாமுக்குப் போனால் அரைநாள் கூலி போய்விடும். வேலூர் மாவட்டத்து மலையூரான பீஞ்சமந்தையில் வாழ்பவருக்கோ இறங்கி வருவதே பெரும்பாடு. குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு செவிலியர் வாசலுக்கே வரும் முறை மெதுவானதுதான். பத்துத் தவணை கொண்ட கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசிக் குப்பியைத் திறந்தால், வீணாகாமலிருக்க நான்கு மணி நேரத்துக்குள் பத்துப் பேரைத் தேடவும் வேண்டியிருந்தது. ஆயினும் விடுபட்ட தெருக்களை அதுவே எட்டுகிறது என்பதால், முதியோருக்கும் இரண்டாம் தவணை தவறியவர்களுக்கும் வீட்டுவாசலையே தேர்ந்தெடுப்பேன்.