மலையோரக் கழிவுநீர்: எஸ்.பி.ஆர்., எம்.பி.பி.ஆர்., நாணல் படுகை – எது தாங்கும்?

ஊட்டிக்குப் போட்ட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய (எஸ்.டி.பி.) கணக்கைக் குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைக்கோ பேச்சிப்பாறைக்கோ அப்படியே கொண்டுவரக் கூடாது. உறைபனி விழும் ஊரில் குளிர்தான் எதிரி. தண்ணீரின் சூடு 10 டிகிரி இறங்கினால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தொட்டியைப் பெரிதாகக் கட்டியாக வேண்டும். நம் மலையடிவாரத்தில் அந்தக் கவலை இல்லை. இங்கே பாடாய்ப்படுத்துவது இரண்டு பருவமழை, மின்தடை, ஓடைத்தண்ணீர்.

ஓடைத்தண்ணீரா என்று கேட்கலாம். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 7.1 மி.கி. காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன், கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும். அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 40 மி.கி. என்றால் சுமார் 285 மி.கி. காரத்தன்மை வேண்டும். இங்கே புழங்கிக் கழிவுநீராவது பாறைமேல் ஓடிவரும் தண்ணீர்; அதில் உப்புகள் குறைவு. அவ்வளவு காரத்தன்மை கிடைக்காது. பி.எச். 6.5-க்குக் கீழே சரிந்ததும் அம்மோனியா அப்படியே வெளியேறும். ப்ளோயரை (காற்றூதும் கருவியை) எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பயனில்லை. லிட்டருக்கு 100 மி.கி. பற்றாக்குறை என்றால், 10,000 லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைத்து விடவேண்டும்.

இந்த இடத்தில் எஸ்.பி.ஆர். முந்துகிறது. ஒரே தொட்டியில் நீரை நிரப்பி, காற்றூதி, கசடு படியவிட்டு, தெளிநீரை வெளியேற்றும் முறை இது. காற்றில்லாக் கட்டத்தை (நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகும் நேரத்தை) ஒழுங்காக ஓட்டினால், செலவான காரத்தன்மையில் பாதிவரை திரும்பக் கிடைக்கும். ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை மேன்ஹோலுக்குள் இறங்கிவிட்டால், கசடு படியும் நேரத்திலும் நீர் வந்துகொண்டே இருக்கும்; தெளிநீரோடு கசடும் போய்விடும். முன்னால் பெரிய சமன்படுத்தும் தொட்டியும், கரண்ட் போய்வந்தபின் எந்தக் கட்டம் என்று பார்த்து ஓட்டத் தெரிந்த ஆபரேட்டரும் இல்லாத இடத்தில் இதை வைக்கவே வேண்டாம்.

சிறிய விடுதிக்கு எம்.பி.பி.ஆர்.தான் என் தேர்வு. இதில் பாக்டீரியா, காற்றூதும் தொட்டியில் மிதக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளில் (மீடியா) ஒட்டியிருப்பதால் மழைவெள்ளம் அடித்துப் போகாது. தொட்டிக் கொள்ளளவில் 40 முதல் 50 சதவீதம் மீடியா போதும். கோளாறு வருவது வெளிவாய்ச் சல்லடையில். தலைமுடியும் பிளாஸ்டிக் குப்பையும் அடைத்தால் தொட்டி வழிந்து, மீடியா சரிவில் கொட்டும். நுழைவாயிலில் நுண்சல்லடை வைத்து அன்றாடம் கழுவவேண்டும்.

நாணல் நட்ட ஜல்லி வழியே கழிவுநீரை ஓடவிடும் நாணல் படுகைக்குக் கரண்டே வேண்டாம். ஆளுக்கு சுமார் 2 சதுர மீட்டர். சரிவைத் தட்டுத்தட்டாக வெட்டிக்கொள்ளலாம். நீர் கிடைவாக்கில் ஓடும் படுகையில் அம்மோனியா அதிகம் குறையாது. ரப்பர் மர நிழலில் மட்டும் போடாதீர்கள்: நாணலுக்கு வெயில் கிடைக்காது, இலையுதிர் காலச் சருகு ஜல்லியை அடைத்துவிடும்.