கோபன்ஹேகனா, சிங்கப்பூரா?

நகர வடிவமைப்பும் லேண்ட்ஸ்கேப்பும் படிக்க ஒரு செமஸ்டர் வெளிநாடு போவதென்றால், தெருவைப் புரிந்துகொள்ள கோபன்ஹேகன்தான். 1962-இல் கார்களை வெளியேற்றிய ஸ்ட்ரோகெட் தெருவில் ஓரமாக உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள், எந்த இருக்கை காலியாகவே கிடக்கிறது என்று நோட்டில் குறித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். ஆனால் நவம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், வாடகையும் கையைக் கடிக்கும்.

சரி, சிங்கப்பூர்? வாடகையில் அதுவும் சளைத்ததல்ல. ஆனால் பிஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 2012-இல் வளைந்து நெளியும் ஆறாகத் திறந்துவிட்டார்கள். கனமழை வந்தால் புல்வெளியும் ஆறாகிவிடும். மரங்களும் தெரிந்தவைதான், நம்மூர் தூங்குமூஞ்சி மரம் அங்கே சாலையெல்லாம் குடை பிடிக்கிறது. எனக்குத் தெருவைவிட தண்ணீர்மேல்தான் பித்து, அதனால் சிங்கப்பூர்.