ராடு 20 கிலோ என்று யார் சொன்னது?

ஜிம் கணக்கு வைக்க இலவச ஆப் எது நல்லது என்று போன வாரம் மச்சான் ஒருவன் கேட்டான். நான் ஒன்பது மாதமாக ஒன்றை வைத்திருக்கிறேன், பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்று படித்தால் புரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் நான் போகும் ஜிம் தரைக்குக் கீழே இருக்கிறது, சிக்னல் சுத்தமாகக் கிடையாது, ஆனாலும் ஆப் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. ஆப்பில் ஸ்குவாட் பயிற்சியைத் தொட்டால் போன முறை எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ், அதாவது எத்தனை தடவை, என்று மேலேயே வந்து நிற்கும். வேர்த்துக் கொட்டும்போது போன திங்கட்கிழமை என்ன தூக்கினோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இந்த ஒன்றுக்காகவே இத்தனை நாள் விடவில்லை. மாங்காய் சீசனில் இரண்டு மாதம் ஜிம் பக்கமே போகாமல் திரும்பி வந்தபோதும் கணக்கு அப்படியே இருந்தது.

சரி, இப்போது கோபம். ஆப்பில் பிளேட்டுகளின் எடையைப் போட்டால், அவற்றை மாட்டுகிற ராடின் எடையை அதுவே 20 கிலோ என்று சேர்த்துக்கொள்ளும். ஆண்களுக்கான ஒலிம்பிக் ராடு 20 கிலோதான், தப்பில்லை. எங்கள் ஜிம்மில் கிடப்பது எந்தப் பட்டறையில் அடித்ததோ! சந்தேகம் வந்து, ஜிம் அண்ணனிடம் சொல்லிவிட்டு மாமாவின் மண்டிக்கு எடுத்துப்போய், பெங்களூரா மாங்காய் நிறுக்கிற தராசில் வைத்தேன். 11 கிலோ. இத்தனை மாதமும் ஒன்பது கிலோ காற்றைத் தூக்கியிருக்கிறேன்.

பெஞ்சில் படுத்துத் தூக்குகிற பெஞ்ச் பிரஸ், ஆப் கணக்கில் 60 கிலோ, 5 ரெப்ஸ். ஒவ்வொரு ரெப்புக்கும் எடையில் முப்பதில் ஒரு பங்கைக் கூட்டுகிற எப்லி சூத்திரப்படி, ஒரே ஒரு ரெப் என்றால் 70 கிலோ தூக்குவேன் என்று சொல்லிக் கோப்பைப் படமெல்லாம் போட்டது, நானும் அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். உண்மையில் தூக்கியது 51, சூத்திரப்படி 59.5.

ராடு எடையை மாற்ற முடியுமா என்று தேடினால், முடியும், மாதாமாதம் காசு கட்டினால். கிராஃபுக்குக் காசு கேள், கொடுக்கிறேன், ஒரு எண்ணைத் திருத்தவா காசு? மொத்த எடையைக் கையால் அடிக்கலாமே என்பீர்கள். அடிக்கலாம், அப்புறம் அந்த பிளேட் கணக்கு எதற்கு?

மச்சானிடம் இது வேண்டவே வேண்டாம், ஆண்ட்ராய்டு போன்தானே, ஃபிட்நோட்ஸ் போட்டுக்கொள், இலவசம், விளம்பரம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நான் மாறினேனா? இல்லை, ஒன்பது மாதக் கணக்கு இதில்தானே கிடக்கிறது. இன்று காலை ஸ்குவாட் ஆப்பில் 70, மனசுக்குள் 61.