கமிஷன் நம்மிடம், அக்ரிமெண்ட் மச்சான் பேரில்

அன்னூர், கருவலூர், அவிநாசி பக்கம் பூமி விற்கவோ வாங்கவோ இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புரோக்கரின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. என்ன செய்தார் என்பதை முழுசாகச் சொல்கிறேன்.

அப்பாவின் பங்குக்கு வந்த 30 சென்ட்டை விற்க நினைத்தோம். புரோக்கர் வெளியாள் இல்லை, அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். விற்றுக் கொடுத்தால் 2 சதவீதம் கமிஷன் என்று பேச்சு. "மார்க்கெட் படுத்துக் கெடக்குதுங்க மாமா, சென்ட்டு 1.60-க்கு மேல ஒருத்தனும் ஏற மாட்டேங்கறான்" என்று வருகிறபோதெல்லாம் சொல்லிச் சொல்லி அப்பாவை அந்த விலைக்கு இறக்கிவிட்டார். மொத்தம் 48 லட்சம். அப்புறம் ஒருத்தரைக் கூட்டிவந்து, வாங்குகிற பார்ட்டியோட பார்ட்னர் இவர்தான், அக்ரிமெண்ட் இவர் பேரில் இருக்கட்டும் என்றார். 3 லட்சம் அட்வான்ஸ். ரொக்கமாகத் தருகிறேன் என்றவரிடம் அப்பா செக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கினார். நிலத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரும், அப்பாவுக்கு அது தெரியும். அக்ரிமெண்ட்டையும் முறையாகப் பதிவு செய்தோம்.

அந்த அக்ரிமெண்ட்டில் ஒரு வரி உண்டு: கிரயத்தைத் தங்களுக்கோ தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ எழுதிக் கொடுக்க வேண்டியது. நம்ம ஊரில் பாதி அக்ரிமெண்ட்டில் இந்த வரி இருக்கும். இந்த ஒரு வரியை வைத்துத்தான் மொத்த வேலையும் நடந்திருக்கிறது.

கிரயத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் போன அன்று, நாங்கள் இறங்கினதில் இருந்தே அவர் எங்களை ஒரு பக்கமும் வாங்குகிறவர்களை ஒரு பக்கமுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். "வெயிலா இருக்குதுங்க மாமா, கார்லயே உக்காருங்க, கூப்பிடும்போது வந்தாப் போதும்." அவர் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் அம்மா நிழலுக்காக இறங்கி வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு அம்மா. நம்ம பக்கம் ரெண்டு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் எந்த ஊருங்க என்று கேட்காமல் இருப்பார்களா? அவர்தான் வாங்குகிறவரின் வீட்டுக்காரம்மா. திருப்பூரில் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள். மடியில் இருந்த பையைத் தட்டிக் காட்டி, "நீங்க கேட்ட ரொக்கம் 15 லட்சமும் கொண்டாந்துட்டோமுங்க, எங்க வச்சுக் குடுக்கறதுங்க?" என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் எங்கே ரொக்கம் கேட்டோம்?

உட்கார்ந்து பேசினதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர்களிடம் சென்ட் 2.10 லட்சம், மொத்தம் 63 லட்சம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துத் தண்ணி குளங்களுக்கு வந்துவிட்டது, இனி இந்தப் பக்கம் விலை இறங்கவே இறங்காது என்று அங்கே சொல்லியிருக்கிறார். (திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது உண்மை. எங்களிடம் மட்டும் மார்க்கெட் படுத்துவிட்டது.) பத்திரத்தில் 48 லட்சம் காட்டினால் போதும், மிச்சத்தை விற்கிறவர்கள் கறுப்பில் கேட்கிறார்கள் என்று பழியும் எங்கள் மேல். அவர்களிடமும் 2 சதவீதம் கமிஷன். அக்ரிமெண்ட் போட்ட 'பார்ட்னர்' யார் என்று கேட்டால், எங்கள் சொந்தக்காரர் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் அந்த ஆள் புரோக்கருடைய மச்சான். அந்த 'குறிப்பிடும் நபர்' வரியைக் காட்டி எங்களை இவர்களுக்கே நேராகக் கிரயம் எழுத வைத்து, நடுவில் 15 லட்சத்தை எடுத்துக்கொள்வதுதான் திட்டம். அவிநாசியில் அவர் தெருக்காரர் ஒருவரிடம் போனில் கேட்டதும் தெரிந்துபோயிற்று.

அப்பா அன்று கையெழுத்துப் போடவில்லை. புரோக்கருக்கு முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அக்ரிமெண்ட் உயிரோட இருக்குதுங்க மாமா, கோர்ட்டுக்குப் போனா உங்க பூமிதான் முடங்கும்" என்றார். மாமா மட்டும் மாறவில்லை.

வக்கீல் சொன்னது இது. ஒருத்தருக்காக விற்றுத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டவர் அவருடைய ஏஜெண்ட். அவருக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தைப் பூமிக்காரர் கேட்டு வாங்கலாம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே, 216-ஆம் பிரிவில் இருக்கிறது. மச்சான் பெயரில் செய்தாலும் பின்னால் இருப்பவர் யார் என்று நிரூபித்தால் போதும், செக் வந்த கணக்கு கையில் இருக்கிறது. ஆனால் சிவில் கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுங்கள் என்று நிறையப் பேர் சொன்னார்கள். 2016-ஆம் வருஷத்து அந்தச் சட்டம் ஏஜெண்டைப் பதிவு செய்யச் சொல்வது லேஅவுட், அபார்ட்மெண்ட் மாதிரித் திட்டங்களில் விற்றுக் கொடுப்பவர்களுக்குத்தான். நம்ம காட்டை நாம் ஒருத்தருக்கு விற்கிற இடத்தில் அது வராது. சைட் வாங்குகிறவர்கள் மட்டும் தமிழ்நாடு ரெரா தளத்தில் ஏஜெண்டின் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் அக்ரிமெண்ட்டை ரத்து செய்ய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தது போக 4 லட்சம் அழுதோம், நாங்களும் வாங்குகிறவர்களும் ஆளுக்குப் பாதி. வாங்குகிறவர்களும் நாங்களும் நேராகப் பேசி சென்ட் 1.80 என்று முடித்தோம். 54 லட்சமும் பாங்க் வழியாக, பத்திரத்திலும் அதே தொகை. பத்திரத்தில் கூடின தொகைக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று 9 சதவீதம் அவர்களுக்குக் கூடுதலாகப் போனாலும் நிம்மதி என்றார்கள். கமிஷன் ரெண்டு பக்கமும் கிடையாது.

பூமி கொடுக்கிறவர்கள் அந்தக் 'குறிப்பிடும் நபர்' வரியை அடிக்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று எடுக்கும்போது அதில் அக்ரிமெண்ட் தெரிந்தால், அந்தப் பெயர்க்காரர் யார் என்று பூமிக்காரரிடம் நேரில் விசாரியுங்கள், புரோக்கரிடம் வேண்டாம். போன வாரம் வேறு வேலையாக ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். கருவலூர் பக்கம் இன்னொருத்தர் பூமியில் அதே மச்சான் பெயரில் அக்ரிமெண்ட் இருக்கிறது. அவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டோம்.